ஆல்ஃப்ரெட் ஷுட்ஸின் கல்விப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்ஃப்ரெட் ஷுட்ஸ் யார்?

1899 ஏப்ரல் 13 அன்று வியன்னாவில் பிறந்து, 1959 மே 20 அன்று நியூயார்க்கில் மறைந்த சமூகவியலாளர். உலகம் நம் உணர்வுக்கு எவ்வாறு தோன்றுகிறது, அதற்குள் அர்த்தம் எவ்வாறு குடிகொள்கிறது என்று ஆராயும் தோற்றப்பாட்டியலை எட்மண்ட் ஹுசர்ல் ஒரு மெய்யியல் முறையாக வளர்த்தெடுத்தார். அந்த முறையை மாக்ஸ் வேபரின் சமூகவியலுக்குள் கொண்டுவந்து, அன்றாட வாழ்க்கையை ஆய்வுக்குரிய பொருளாக நிறுத்தியவர் ஷுட்ஸ். வாழ்நாளில் அவர் வெளியிட்ட நூல் ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் கட்டுரைகள், கடிதங்கள், முற்றுப்பெறாத கைப்படிகள். அவருடைய வருமானம் பெரும்பாலும் வங்கித் தொழிலிலிருந்து வந்தது. பல்கலைக்கழகமே முழுநேரப் பணி என்ற நிலை அவருக்கு 57ஆம் வயதில்தான் வாய்த்தது.

பெயரை எப்படி எழுதுவது?

செருமன் எழுத்தில் இரண்டு புள்ளிகளோடு எழுதப்பட்ட பெயர், அமெரிக்காவுக்குப் போனபின் புள்ளிகளை இழந்தது. தமிழில் ஷுட்ஸ், ஷூட்ஸ், ஷுட்ச் என்று பலவாறு எழுதுகிறார்கள். ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே கடைப்பிடித்தால் போதும்.

சட்டம் படித்தவர் சமூகக் கோட்பாட்டுக்கு எப்படி வந்தார்?

முதல் உலகப் போரில் ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையின் பீரங்கிப் பிரிவில் சேர்ந்து இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய இளைஞர், 1918இல் திரும்பி வந்தபோது அவர் விட்டுச்சென்ற பேரரசே இல்லை. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்தோடு சமூக அறிவியல்களும் படித்து 1921இல் முனைவர் பட்டம் பெற்றார். சட்டத்தில் அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் கெல்சன். பொருளியலில் லுட்விக் ஃபான் மீசஸ். இந்த இருவருமே அவரை ஒரே கேள்விக்கு முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று சொல்லலாம். மனிதர்கள் செய்யும் செயலைப் பற்றி அறிவியல் என்ற தகுதியுடைய ஓர் அறிவு இருக்க முடியுமென்றால், அதன் அடித்தளம் எது?

அந்தக் கேள்விக்கு விடை வேபரிடம் பாதி இருந்தது. செயலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், செய்பவர் அதற்கு வைத்திருக்கும் அகவய அர்த்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார் வேபர். ஆனால் அந்த அர்த்தம் செய்பவரின் உணர்வில் எப்படி உருவாகிறது, பிறர் அதை எப்படி எட்டுகிறார்கள் என்பதை அவர் விளக்கவில்லை. மீதிப் பாதிக்காக ஷுட்ஸ் முதலில் அணுகியது ஹுசர்லை அல்ல, பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்றி பெர்க்ஸனை. 1920களின் நடுவில், காலத்தை இடையறாத அகவோட்டமாகக் காணும் பெர்க்ஸனின் சிந்தனையைக் கொண்டு ஒரு நீண்ட கைப்படியை எழுதி, நிறைவு தராததால் கைவிட்டார். அகக்கால உணர்வு பற்றிய ஹுசர்லின் சொற்பொழிவுகள் 1928இல் அச்சேறின. நண்பர் ஃபெலிக்ஸ் காவுஃப்மனோடு சேர்ந்து ஹுசர்லைப் படித்த பிறகுதான் வழி திறந்தது.

அப்படியானால் அவர் ஹுசர்லின் மாணவரா?

இல்லை. பாடக் குறிப்புகளில் இந்தப் பிழை அடிக்கடி தலைகாட்டுகிறது. ஷுட்ஸ் ஹுசர்லின் வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நூல்களின் வழியாகவே கற்றார். தம்முடைய நூல் 1932இல் வெளிவந்ததும் ஒரு படியை ஹுசர்ல் வாழ்ந்த செருமன் நகரமான ஃப்ரைபுர்க்குக்கு அனுப்பினார். தம் வாழ்நாள் பணியின் ஆழ்ந்த பொருளை எட்டிய மிகச் சிலருள் ஒருவர் என்று பாராட்டி 1932 மே 3 அன்று ஹுசர்ல் பதில் எழுதினார். அதன்பின் ஷுட்ஸ் பலமுறை ஃப்ரைபுர்க் சென்று அவரைச் சந்தித்தார். ஹுசர்ல் தம் உதவியாளராக வரும்படி அழைத்தார்; ஷுட்ஸ் மறுத்தார்.

மறுத்ததில் வியப்பில்லை. 1926இல் இல்சே ஹெய்மை மணந்து குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவருக்கு, ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரின் உதவியாளர் பதவி சோறு போட்டிருக்காது. ஹுசர்ல் யூத வம்சாவளியினர் என்பதால் 1933க்குப் பிறகு அவருக்கே பல்கலைக்கழகத்தின் கதவுகள் அடைபட்டன.

1932 நூலில் என்ன இருக்கிறது?

செருமன் தலைப்பைத் தமிழில் 'சமூக உலகின் அர்த்தமுள்ள கட்டமைப்பு' எனலாம். வேபரின் 'அகவய அர்த்தம்' என்ற ஒற்றைச் சொற்றொடரைப் பிரித்துப் பார்ப்பதே நூலின் வேலை. செயல் நடந்துகொண்டிருக்கும்போது நாம் அதற்குள் மூழ்கியிருக்கிறோம். அதற்கு அர்த்தம் வருவது, நடந்ததைத் திரும்பிப் பார்க்கும்போதோ, நடக்கப்போவதை ஏற்கெனவே முடிந்துவிட்டதுபோல் கற்பனை செய்யும்போதோதான். அர்த்தத்தைக் காலத்தோடு பிணைத்த இந்த இடமே நூலின் உயிர் என்பேன்.

இங்கிருந்து ஊக்கங்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற பாகுபாடு பிறக்கிறது. அவர் தரும் எடுத்துக்காட்டு மிக எளியது: மழை பெய்வதால் குடையை விரிக்கிறேன். இந்த வாக்கியத்தில் இரண்டு ஊக்கங்கள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. நனையாமல் இருப்பதற்காக விரிக்கிறேன் என்பது எதிர்காலத்தை நோக்கியது. விரிக்கும் செயல் அந்தத் திட்டத்திற்குள் அடங்குகிறது. ஆனால் நனையக் கூடாது என்ற திட்டமே ஏன் எழுந்தது? மழையைக் கண்டதும், பாதுகாப்பில்லாமல் போனால் உடை நனையும், அது தொல்லை என்று முன்பே பெற்ற அறிவு விழித்துக்கொண்டதால் எழுந்தது. இது கடந்த காலத்திலிருந்து வருவது. முன்னதை நோக்க ஊக்கம் என்றும் பின்னதைக் காரண ஊக்கம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் படிப்பவர்களுக்கு இது சற்றே எளிது. 'நனையாமல் இருப்பதற்காக' என்பதில் வரும் 'ஆக' நோக்கத்தையும், 'மழை பெய்வதால்' என்பதில் வரும் 'ஆல்' காரணத்தையும் தனித்தனியே காட்டிவிடுகின்றன. ஆனாலும் நாம் தப்பிவிடுவதில்லை. 'ஏன் குடையை விரித்தாய்?' என்று கேட்டால் 'மழை பெய்கிறதே!' என்றுதான் சொல்கிறோம். பழைய அறிவு பேச்சில் வருவதே இல்லை. செய்பவருக்குச் செயலின்போது தெரிவது நோக்க ஊக்கம் மட்டுமே. காரண ஊக்கத்தைக் காண அவரும் பார்வையாளர்போலத் தம்மையே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது ஷுட்ஸின் வாதம். நேர்காணல் எடுத்து ஆய்வு செய்பவர்கள் இந்த ஒரு பத்தியை நினைவில் வைத்துக்கொண்டால், 'ஏன் செய்தீர்கள்?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில்களை அப்படியே காரணங்களாக அட்டவணை போடமாட்டார்கள்.

நூலின் பிற்பகுதி சமூக உலகை நான்காகப் பகுக்கிறது: நேருக்கு நேர் காண்போரின் உலகு, உடன்காலத்தவரின் உலகு, முன்னோரின் உலகு, பின்வருவோரின் உலகு. முதலாவதில் எதிரில் இருப்பவரின் முகமும் குரலும் அவருடைய அகவோட்டத்தோடு சேர்ந்தே நம்மை எட்டுகின்றன. இருவரும் சேர்ந்து மூப்படைகிறோம் என்கிறார். மற்ற மூன்றிலும் மனிதர்களை வகைமாதிரிகளாக மட்டுமே அறிகிறோம். ஒரு கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போடும்போது, நாம் ஒருநாளும் பார்க்கப்போகாத அஞ்சல் ஊழியர்கள் அவர்களுக்குரிய வழக்கப்படி நடந்துகொள்வார்கள் என்று நம்பித்தான் போடுகிறோம். அந்த நம்பிக்கையில் எந்தத் தனிமனிதரின் முகமும் இல்லை. ஒரு வகைமாதிரி மட்டுமே உள்ளது.

இவ்வளவு எழுதியவர் ஏன் வியன்னாவில் பேராசிரியராகவில்லை?

இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, அக்காலப் பல்கலைக்கழகத்தில் யூத வம்சாவளியினருக்கு எதிராக வேரோடியிருந்த பகைமை. மற்றொன்று, பேராசிரியர் பதவி கிடைக்கும்வரை ஊதியமின்றிக் கற்பிக்கும் முறை. சொத்தில்லாதவரால் அதைத் தாங்க முடியாது. ஷுட்ஸ் ஆஸ்திரிய வங்கியாளர் சங்கத்தில் செயலாளராகத் தொடங்கி, 1920களின் பிற்பகுதியில் ரைட்லர் என்ற தனியார் வங்கி நிறுவனத்தில் சேர்ந்து, பன்னாட்டு ஒப்பந்தங்களைக் கவனிக்கும் பொறுப்பில் ஐரோப்பா முழுதும் அலைந்தார்.

இதைத் தனி ஒருவரின் துயரக் கதையாகப் படிப்பது தவறு. அவருடைய வட்டத்தில் இது வழக்கமான வாழ்க்கை. மீசஸ் வணிகக் கழக அலுவலகத்தில் வேலை பார்த்தார். புகழ்பெற்ற தம் தனிக் கருத்தரங்கையும் அந்த அலுவலக அறையிலேயே நடத்தினார். காவுஃப்மன் எண்ணெய் நிறுவனமொன்றின் வியன்னாக் கிளையை நிர்வகித்தார். பொருளியலாளர் ஃபிரிட்ஸ் மாக்லுப் அட்டைத் தொழிற்சாலை நடத்தினார். மீசஸின் கருத்தரங்கில் காவுஃப்மன், மாக்லுப், பொருளியலாளர் ஹாயெக், அரசியல் மெய்யியலாளர் ஃபேகலின் ஆகியோரோடு ஷுட்ஸும் இருந்தார். அவருக்கு உண்மையான பல்கலைக்கழகம் அதுவே.

'பகலில் வங்கியாளர், இரவில் மெய்யியலாளர்' என்ற வாசகம் உண்மைதானா?

ஹுசர்ல் சொன்னதாகப் பரவலாக வழங்கும் வாசகம் அது. அதன் அடிப்படை உண்மையே. ஆனால் அதைக் காதல் கதைபோல் எடுத்துக்கொள்வோர் அதற்குக் கொடுத்த விலையைக் கணக்கில் கொள்வதில்லை. 1932க்குப் பிறகு அடுத்த நூலை முடிக்கும் அளவுக்கு நீண்ட ஓய்வு அவருக்குக் கிடைக்கவே இல்லை. பொருத்தப்பாடு பற்றி, அதாவது எண்ணற்ற பொருள்களிடையே நம் கவனம் ஏன் இதில் மட்டும் நிற்கிறது என்பது பற்றி, 1947க்கும் 1951க்கும் இடையில் எழுதிய பெரும் கைப்படி முடியாமல் நின்று, அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து 1970இல்தான் அச்சுக்கு வந்தது. கைப்படிகளைத் தட்டச்சு செய்து காப்பாற்றியவர் மனைவி இல்சே. அந்த உழைப்பு இல்லாமல் நாம் இன்று படிக்கும் ஷுட்ஸ் இல்லை.

1938இல் என்ன நடந்தது?

மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது ஷுட்ஸ் தொழில் நிமித்தம் பாரிஸில் இருந்தார். மனைவியும் இரு குழந்தைகளும் சில மாதங்களில் அங்கு வந்து சேர்ந்தனர். ஓராண்டுக்கும் மேல் பாரிஸில் தங்கி, தம் தொழில் தொடர்புகளைக் கொண்டு வேறு பலர் தப்பிச் செல்லவும் உதவினார். மெய்யியலாளர் ஆரன் குர்விட்சோடு நட்பு வளர்ந்ததும் அங்கேதான். 1939 முதல் ஷுட்ஸ் இறக்கும்வரை இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் தனி நூலாகவே வந்துள்ளன. 1939 ஜூலையில் குடும்பம் நியூயார்க்கில் இறங்கியது. ரைட்லர் நிறுவன வேலை அங்கும் தொடர்ந்தது.

டால்காட் பார்சன்ஸோடு நடந்த கடிதப் பரிமாற்றம் ஏன் பேசப்படுகிறது?

இரண்டு பெரும் சமூகவியலாளர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறியதற்கு அதைவிடத் தெளிவான ஆவணம் இல்லை என்பதால். சமூகச் செயலின் கட்டமைப்பு பற்றிப் பார்சன்ஸ் 1937இல் வெளியிட்ட பெருநூலுக்கு மதிப்புரை எழுதும்படி ஹாயெக் ஷுட்ஸைக் கேட்டுக்கொண்டார். மதிப்புரை ஒரு நீண்ட கட்டுரையாக வளர்ந்தது. அதை வெளியிடுமுன் பார்சன்ஸுக்கே அனுப்பிக் கருத்துக் கேட்டார் ஷுட்ஸ். பார்சன்ஸின் நூலுக்குத் துணைநிற்கும் வகையில், அகவய நோக்கு என்று சொல்லப்படுவதை இன்னும் ஆழப்படுத்தலாம் என்பது அவருடைய எண்ணம். பார்சன்ஸோ அதைத் தம் நூலின் மீதான தாக்குதலாகவும், அறிவியலுக்குத் தேவையற்ற மெய்யியல் நுணுக்கமாகவும் எடுத்துக்கொண்டார். 1940 இறுதியில் தொடங்கிய கடிதங்கள் 1941 வசந்தத்தில் நின்றன. ஷுட்ஸ் மதிப்புரையை வெளியிடவில்லை. கடிதங்கள் ஆங்கிலத்தில் 1978இல்தான் நூலாயின.

பார்சன்ஸை எளிதில் குற்றவாளியாக்கிவிடுவார்கள். எந்த அனுபவமும் ஏதோ ஒரு கருத்துச் சட்டகத்தின் வழியாகத்தானே அறிவியலுக்குள் வர முடியும் என்று அவர் கேட்ட கேள்வி தட்டிக்கழிக்கத்தக்கதல்ல. அதற்கான பதிலை ஷுட்ஸ் 1953இல் எழுதிய கட்டுரையில்தான் முழுமையாகக் காண்கிறோம்: இயற்கை அறிவியல் ஆராயும் அணுக்களுக்குத் தங்களைப் பற்றி எந்தக் கருத்தும் கிடையாது, சமூகவியல் ஆராயும் மனிதர்களோ தங்கள் உலகை ஏற்கெனவே விளக்கி வைத்திருக்கிறார்கள். எனவே சமூக அறிவியலின் கருத்தாக்கங்கள் கருத்தாக்கங்களின்மேல் எழும் இரண்டாம் நிலைக் கருத்தாக்கங்கள். அறிவியலாளரின் மாதிரியில் சொல்லப்படும் செயல், அன்றாட வாழ்வில் அதைச் செய்பவருக்கும் அவருடைய சுற்றத்தாருக்கும் புரியும்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அங்கே விதிக்கிறார்.

பல்கலைக்கழகப் பதவிகள் எவ்வாறு அமைந்தன?

நியூயார்க்கிலுள்ள 'நியூ ஸ்கூல்' நிறுவனத்தின் பட்டமேற்படிப்புப் புலமே அவருடைய ஒரே கல்வி இல்லம். ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட அறிஞர்களுக்காக 1933இல் ஆல்வின் ஜான்சன் உருவாக்கிய 'நாடுகடந்த பல்கலைக்கழகம்' அது. ஷுட்ஸ் 1943இல் அங்கே கற்பிக்கத் தொடங்கினார். 1944இல் வருகைப் பேராசிரியர், 1952இல் சமூகவியலுக்கும் மெய்யியலுக்கும் பேராசிரியர். வகுப்புகள் மாலையில் நடந்ததால் பகல் வேலையை விடாமல் கற்பிக்க முடிந்தது. வேலைக்குப் போய்விட்டு வந்த மாணவர்கள் முன், வேலைக்குப் போய்விட்டு வந்த ஆசிரியர் நின்றார். 1956இல் தொழிலைக் கைவிட்டு முழுநேர ஆசிரியரானார். மூன்றே ஆண்டுகளில் காலமானார். அவர் கொண்டுவர விரும்பிய குர்விட்ச் அந்த 1959ஆம் ஆண்டிலேயே அங்கு பணியேற்றார்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1932 நூலிலிருந்து வேண்டாம். 1944இல் வெளிவந்த 'அந்நியர்' என்ற கட்டுரை நல்ல வாசல். ஒரு குழுவுக்குள் புதிதாக வருபவருக்கு, உள்ளிருப்போர் யோசிக்காமல் பின்பற்றும் 'சமையல் குறிப்பு' போன்ற அறிவு எப்படிக் கைகொடுக்காமல் போகிறது என்று காட்டுகிறார். முதன்மை எடுத்துக்காட்டு குடிபெயர்ந்தவர். கூடவே, பெண் வீட்டார் ஏற்றுக்கொள்வார்களா என்று காத்திருக்கும் மாப்பிள்ளையையும், கல்லூரிக்குப் போகும் உழவர் மகனையும் சேர்த்துக்கொள்கிறார். நாடிழந்து வந்து ஐந்தாண்டுகளே ஆன ஒருவர், தம்மைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் எழுதிய கட்டுரை அது. அடுத்த ஆண்டு எழுதிய 'வீடு திரும்புபவர்' போர்வீரர்களைப் பற்றியது. வீடு அவன் விட்டுச்சென்றபடி இல்லை, அவனும் போனவனாக இல்லை என்பதே அதன் சாரம். 1918இல் தாமும் அப்படித் திரும்பியவர் என்பதை வாசகர்தான் நினைவில் கொள்ள வேண்டும்.

அதன்பின் 1945இன் 'பன்முக மெய்ம்மைகள்'. கனவு, விளையாட்டு, கற்பனை, அறிவியல் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கே உரிய மெய்ம்மைத் தன்மையுடன் ஓர் உலகாக நிற்பதையும், அவற்றுள் வேலையின் உலகம் மட்டும் தலைமை வகிப்பதையும் அது விளக்குகிறது. பியானோ வாசித்தவரும் இசையில் தோய்ந்தவருமான ஷுட்ஸ் 1951இல் எழுதிய, சேர்ந்து இசைப்பது பற்றிய கட்டுரையையும் விட்டுவிடக் கூடாது. நால்வர் அமர்ந்து வாசிக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அடுத்த கணம் மற்றவர் எப்படி வாசிப்பார் என்று முன்னுணர்ந்து, ஒரே அகக்காலத்தில் இணைகிறார்கள். சொல்லால் நடக்கும் எந்தத் தகவல் பரிமாற்றத்துக்கும் முன்பே இப்படியொரு சுருதி சேர்தல் தேவைப்படுகிறது என்பது அவருடைய துணிபு.

'மெய்ம்மையின் சமூகக் கட்டமைப்பு' அவருடைய கருத்தா?

1966இல் அந்தத் தலைப்பில் நூல் எழுதியவர்கள் பீட்டர் பெர்கரும் தாமஸ் லுக்மனும். இருவரும் நியூ ஸ்கூலில் படித்தவர்கள். அன்றாட அறிவு பற்றிய தொடக்கப் பகுதி ஷுட்ஸிடமிருந்து பெற்றது என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் நிறுவனங்கள் எப்படி உருவாகி நியாயம் பெறுகின்றன என்ற மையப் பகுதிக்கு டுர்கைம், மார்க்ஸ், மீட் ஆகியோரிடம் பட்ட கடனும் பெரிது. ஆசிரியரையும் மாணவர்களையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்டு கார்ஃபிங்கல் வேறு திசையில் போனார். பார்சன்ஸிடம் முனைவர் ஆய்வு செய்தவர் ஷுட்ஸைத் தேடிப் போய்க் கற்றார் என்பது ஒரு சுவையான முரண். தங்கள் சொந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியவர்போல் சிறிது நேரம் நடந்துகொள்ளும்படி அவர் மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். குளிர்பெட்டியைத் திறக்க அனுமதி கேட்ட மகனைப் பார்த்துப் பெற்றோர் திகைத்தார்கள், கோபப்பட்டார்கள், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். ஷுட்ஸ் 'இயல்பென்று கொள்ளப்படுவது' என்று எழுத்தில் காட்டியதைக் கார்ஃபிங்கல் உடைத்துக் காட்டினார்.

அவருடைய கோட்பாட்டில் அதிகாரத்துக்கு இடமில்லை என்ற விமர்சனம் சரிதானா?

பெரும்பாலும் சரி. ஷுட்ஸ் காணும் வாழ்வுலகு, அதாவது நாம் இயல்பென்று கொண்டு வாழும் அன்றாட உலகு, பண்பாட்டு அறிவாக மட்டும் சுருங்கிவிடுகிறது என்று செருமன் மெய்யியலாளர் ஹாபர்மாஸும், அவருடைய அணுகுமுறை சமூக நிலைமைகளை மறைக்கும் அகவயவாதம் என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூவும் குறை கூறினர். வகைமாதிரியாக்கத்தை அவர் விளக்கும்போது, யார் யாரை வகைப்படுத்துகிறார்கள், யாரால் மறுக்க முடியாது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் அவர் அதை அறவே தொடவில்லை என்பது மிகை. 1946இல் அறிவு சமூகத்தில் சமமின்றிப் பங்கிடப்பட்டிருப்பதை எழுதினார். 1950களில் சமத்துவம் பற்றி எழுதிய கட்டுரையில், வெளியிலிருந்து ஒருவர்மேல் சுமத்தப்படும் வகைமாதிரி, அவர் தம்மைத் தாமே காணும் விதத்தோடு மோதுவதை ஆராய்ந்தார். சாதியை ஆராய்பவர் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கட்டுரை. நம் பாடத்திட்டங்களில் அதைக் காண்பது அரிது.

இறுதி நூலை எழுதியவர் ஷுட்ஸா, லுக்மனா?

இருவரும். வாழ்வுலகின் அமைப்புகள் பற்றிய பெருநூலுக்காக 1957–58இல் ஷுட்ஸ் குறிப்பேடுகளில் விரிவான திட்டம் வகுத்து வைத்தார். அவர் மறைந்த பின் அந்தக் குறிப்புகளிலிருந்து நூலை எழுதி முடித்தவர் லுக்மன். முதல் தொகுதி ஆங்கிலத்தில் 1973இலும் செருமனில் 1975இலும் வந்தது. இரண்டாம் தொகுதி செருமனில் 1984இல் வந்தது. குறிப்பேடுகளும் இரண்டாம் தொகுதியின் பின்னிணைப்பாக அச்சிடப்பட்டுள்ளன. ஒரு வாக்கியம் ஷுட்ஸினுடையதா என்று ஐயம் எழும்போது அந்தப் பின்னிணைப்பைத்தான் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும்.